ரெண்டு தரம்

வாரநாட்களில் ஒரகடத்தில்
போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பேன்.
சனிக்கிழமை யாருக்கு வேண்டுமானாலும்,
மணிக்கு எண்ணூறு.

சவாகோ அம்மையார் கோபேயிலிருந்து வந்திருந்தார்.
ஓட்டல் கட்டிலில் பட்டுத்துணியைப் பிரித்தார்:
ஒரு சாண் உயர ராணி,
காதோரம் கருகிய கூந்தல்.
கொலுப் போட்டிப் படமொன்றைக் கைபேசியில் பெரிதாக்கி
மூன்றாம் படியைத் தொட்டார்.
"ராஜா இங்கே இருக்கிறார்."

வில்லிவாக்கம் போகும் வழியெல்லாம் சொன்னார்.
தாத்தா குவபாரா, பவழக்காரத் தெருவில்
சிப்பிப் பொத்தான், கண்ணாடி மணி,
சாவி கொடுத்தால் தலையாட்டும் தகரக்கோழி விற்றவர்.
மூன்று மொழியில் பெயர்ப்பலகை எழுத
பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்.
மார்ச் மூன்றாம் தேதி வீட்டில் சிவப்புத்துணி விரித்து
ராஜா ராணியை உட்காரவைப்பார்கள்.
மறுநாளே பெட்டிக்குள்;
தள்ளினால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகுமாம்.

நாற்பத்தொன்று டிசம்பர், திங்கட்கிழமை,
போலீஸ் வேன் அவரை ஏற்றிக்கொண்டது.
வங்கிக் கணக்கு முடங்கியது.
பால்காரர் பாக்கிக்கு வந்து
தலையைச் சொறிந்தபடி நின்றார்.
மனைவி வாசலில் ஏலம் வைத்தாள்.
தையல் மெஷின் போனது.
சோற்றுக் கிண்ணங்கள் போயின.
ராஜாவைத் தூக்கிக் காட்டியபோது
ஒன்பது வயது கினுவே
ராணியைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு
கக்கூஸில் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.
குரல் மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

அப்புறம் முள்கம்பி, பாலைவனம், கப்பல்.
அப்புறம் கோபே எரிந்த இரவு.
எழுதாத பலகையைப் பற்றியே பேசிப் பேசி
தாத்தா ஒரு குளிர்காலத்தில் இருமி ஓய்ந்தார்.
முதியோர் இல்லத்தில் கினுவே
விளக்கணைக்கும்போதெல்லாம் ஏதோ முணுமுணுப்பாள்.
நர்ஸுகள் மந்திரம் என்று நினைத்தார்கள்.
மகளும்தான்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
பத்மாசனி மாமி சுண்டலோடு வரவேற்றார்.
மூன்றாம் படியில் ஜப்பான் சக்கரவர்த்தி
நெற்றியில் நாமம், தோளில் ஜரிகைத் துண்டு,
முன்னால் துவரம்பருப்பு, பச்சரிசி, குட்டித் தராசு.
பக்கத்தில் பண்ருட்டி மண்ணில் செய்த செட்டிச்சி.

"இவரோட தாத்தா ஏலத்துல எடுத்தது. ரெண்டேகால் ரூபா.
நாலு மாசத்துல, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலி.
இந்தப் பொம்மை ஆத்துல இருந்தா
உளவாளின்னு பிடிச்சிண்டு போயிடுவானோன்னு பயந்து
நாமத்தைப் போட்டு செட்டியாராக்கிட்டார்.
ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு
கொழந்தைகளுக்கு நடிச்சே காட்டுவாராம்!"

"யாரோ நம்பிக் கொடுத்துவிட்டுப் போனதாம்,
பத்திரமாக வைத்திருந்தார்களாம்"
என்று மொழிபெயர்த்தேன்.

சுண்டல் எடுத்த கை பாதியில் நின்றது.
"கடைசியாக என்ன சொன்னார்?
உங்கள் வாக்கியம் வேண்டாம். அவருடையது."

சொன்னேன், முழுசும்.

வெகுநேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார்:
இவரை எப்போது பெட்டியில் வைப்பீர்கள்?
"தசமி ராத்திரி படுக்க வெச்சுடுவோம். அப்புறம் பெட்டிதான்.
ஒரு வருஷம்கூடத் தப்பினதில்லை."
கல்யாணமே ஆகாத அந்த அறுபத்தோரு வயதுக்காரி
கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
"அப்படியென்றால் குற்றம் இவர் மேல் இல்லை."

மாமி ராஜாவை எடுத்து மடியில் வைத்தார்:
"எடுத்துண்டு போங்கோ. உங்களவர்தானே."
சவாகோவின் இன்னொரு கை
பைக்குள் பட்டுத்துணி வரை போனது எனக்குத் தெரியும்.
ஜிப் மறுபடி மூடிய சத்தமும் கேட்டது.
பிறகு எழுந்து, ராஜாவைப் படியில் வைத்து,
செட்டிச்சி பக்கம் அரை விரல் நகர்த்தி,
சிதறிய ஒரு பருப்பைத் தட்டில் சேர்த்தார்.

பாடி சிக்னலில் வண்டி நின்றது.
தாம்பூலப் பை காலடியில். ராணி மடியில்.
கண்ணாடியைப் பார்த்து, தமிழில், நிறுத்தி நிறுத்தி,
ஒரு தரம் என்றார்.
ரெண்டு தரம்.

பச்சை விழுந்தது.

பில்லில் நாலு மணி நேரம் எழுதி,
அந்தப் பொய்க்கு ஆன நேரத்தைக் கழித்துவிட்டேன்.